ஒரே சென்சார், ஒரே கேள்வித்தாள், மூன்று நகரம்: நேரடியாக ஒப்பிடலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

மூன்று நாடுகளின் மூன்று பல்கலைக்கழகக் குழுக்கள் சேர்ந்து மூன்று நகரங்களை ஆராயப்போகிறோம். வெப்பம், காற்று மாசு, பொதுப்போக்குவரத்து எட்டும் தூரம், குடியிருப்போர் கருத்து என நான்கு அளவீடுகள். எல்லா இடத்திலும் ஒரே சென்சார், ஒரே கேள்வித்தாள், ஒரே மென்பொருள். அப்படியானால் முடிவுகளை ஒரே அட்டவணையில் வைத்து நேரடியாக ஒப்பிடலாம் என்பது என் வாதம். குழுவில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.

பதில், பிப்ரவரி 4, இரவு

மறுப்பவர் பக்கம்தான் நியாயம். கருவி ஒன்று என்பதால் அளவு ஒன்றாகிவிடாது. அதற்கும் முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது: 'நகரம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? உங்கள் நான்கு அளவீடுகளில் எதுவுமே எல்லைக்கோடு இல்லாமல் தொடங்காது.

மாநகராட்சி எல்லையை எடுத்தால் ஒப்பீடு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். ஓரிடத்தில் அந்த எல்லைக்குள் வயலும் காடும் கிடக்கும். இன்னோரிடத்தில் நடுமையம் மட்டும் மாநகராட்சி, மக்களில் பெரும்பகுதி வெளியே வேறு உள்ளாட்சிகளில். நாடுகளின் வரையறைகளும் கைகொடுக்காது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் நகர்ப்பகுதி. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,000 பேர் வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதம் வேளாண்மைக்கு வெளியே இருக்க வேண்டும். ஜப்பானில் நகரத் தகுதிக்கு அடிப்படை 50,000.

இந்தச் சிக்கலுக்காகவே ஐரோப்பிய ஒன்றியம், உணவு வேளாண்மை அமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஓ.இ.சி.டி., யு.என்.-ஹாபிடாட், உலக வங்கி ஆகிய ஆறும் சேர்ந்து 'டிகிரி ஆஃப் அர்பனைசேஷன்' என்ற வரையறையை உருவாக்கின. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020 மார்ச்சில் அதை ஏற்றது. நிலத்தை 1 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு, மொத்தம் 50,000 பேரை எட்டினால் நகர மையம். 300 பேருக்குக் குறையாத கட்டங்கள் சேர்ந்து 5,000 பேர் ஆனால் நகர்த் திரள். மூலையில் தொடும் கட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நகரத்துக்கும் இதை முதலில் ஓட்டுங்கள். மக்கள்தொகைக் கட்டத் தரவு எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்பதையும் மூன்று குழுவும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு பிழை. மூலைத் தொடுகை செல்லுபடியாவது நகர்த் திரளுக்கு மட்டும்தான். நகர மையத்துக்கு நான்கு பக்கத் தொடுகை மட்டுமே கணக்கு. அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் ஆற்றின் இரு கரையிலும் வளர்ந்த நகரில் இந்த ஒரு விதி மாறினால் மையம் ஒன்றா இரண்டா என்பதே மாறிவிடும்.

மையத்தின் நடுவே விழும் ஓட்டைகளை அடைக்கவும் விதி உண்டு. ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் குறைந்தது ஐந்து அதே மையத்தைச் சேர்ந்தவை என்றால் அதுவும் சேரும். புதிதாக எதுவும் சேராத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒரு குழு ஒரு சுற்றோடு நிறுத்தி, இன்னொரு குழு கடைசிவரை ஓட்டினால் இரண்டு எல்லைகளும் பொருந்தாது.

எல்லை பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். உருண்டை உலகைத் தட்டையாக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனில் தூரமோ பரப்போ கணக்கிடாதீர்கள். 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இருமடங்கு, பரப்பு நான்கு மடங்கு ஊதிவிடும். அங்கே 500 மீட்டர் என்று வட்டம் போட்டால் நிலத்தில் 250 மீட்டர்தான் இருக்கும். 13 டிகிரியில் பரப்புப் பிழை ஏறத்தாழ 5 சதவீதம் என்பதால் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள குழுவுக்கு எதுவும் உறுத்தாது. சோதனை ஓட்டம் அந்த நகரில் நடந்தால் 'சரியாகத்தான் வருகிறது' என்று முடிவாகி, பிழை வடக்கு நகரத்துக்குப் போய்ச் சேரும்.

பொதுப்போக்குவரத்து எட்டும் தூரத்துக்கு நிலையான வளர்ச்சி இலக்குகளின் 11.2.1 குறியீட்டைப் பின்பற்றுவதாக இருந்தால், பேருந்து போன்றவற்றுக்கு 500 மீட்டர், ரயில் மெட்ரோ போன்றவற்றுக்கு 1 கிலோமீட்டர். அதுவும் தெருவழி நடைதூரம், வானத்தில் பறக்கும் தூரம் அல்ல. தெரு வலைப்பின்னல் தரவில் நடைபாதைகளும் சந்துகளும் ஒரு நகரத்தில் முழுமையாகப் பதிவாகி, இன்னொன்றில் பாதிதான் பதிவாகியிருந்தால், குறைவாகப் பதிவான நகரமே மோசம் என்று முடிவு வரும். ஒவ்வொரு நகரிலும் குலுக்கலில் எடுத்த 10 கட்டங்களை நடந்து சரிபார்த்து, விடுபட்ட பாதை எத்தனை சதவீதம் என்று எழுதி வைத்த பிறகே அந்தக் கணக்கைத் தொடுங்கள்.

பிப்ரவரி 8

இப்போது சென்சாருக்கு வருகிறேன். உங்கள் காற்று மாசு சென்சார் பிளான்டவர் நிறுவன வகை. காற்றை உள்ளிழுத்து, லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து பி.எம். 2.5 அளவை, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள் எவ்வளவு என்பதை, ஊகிக்கும். துகளின் எடையை அது பார்ப்பதே இல்லை. எல்லாச் சங்கடமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு, சல்பேட் போன்ற துகள்கள் நீரை உறிஞ்சி ஊதும். ஒளி அதிகம் சிதறும், சென்சார் கூடுதலாகக் காட்டும். மண்புழுதி மிகுந்த இடத்தில் இதற்கு நேரெதிர். பெரிய துகள்களை இந்தச் சென்சார் சரியாகப் பார்ப்பதில்லை, அளவு குறைவாக வரும். ஆக, ஈரமான கடலோர நகரத்தில் கூட்டிச் சொல்லும் அதே கருவி, வறண்ட புழுதி நகரத்தில் குறைத்துச் சொல்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்து வரும் வித்தியாசம் நகரங்களுடையதா கருவியுடையதா என்று பிரிக்கவே முடியாது.

'திருத்தச் சமன்பாடு இருக்கிறதே' என்று ஒருவர் கேட்டார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சமன்பாடு: 0.524 × சென்சார் அளவு − 0.0862 × ஈரப்பதம் + 5.75. சென்சார் 60 மைக்ரோகிராம், ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் திருத்திய அளவு ஏறத்தாழ 33. ஈரப்பதம் 85 ஆனால் 30. கவனியுங்கள், ஈரப்பதத்தால் மாறியது 3 மட்டும். பெரிய வேலையைச் செய்வது 0.524 என்ற பெருக்கல். அது அமெரிக்காவில் கிடைத்த துகள்களைக் கொண்டு பொருத்திய எண். ஏற்கெனவே குறைத்துக் காட்டும் புழுதி நகரத்தில் அதைப் போட்டால் குறைந்ததை மேலும் பாதியாக்குகிறீர்கள்.

இன்னொரு பொறி. இந்தச் சென்சார் ஒரே அளவுக்கு இரண்டு நிரல்கள் தரும், 'சி.எஃப்.1' என்றும் 'ஏ.டி.எம்.' என்றும். குறைந்த மாசில் இரண்டும் ஒன்றாக இருக்கும். மாசு ஏற ஏற ஏ.டி.எம். பின்தங்கும். மேலே உள்ள சமன்பாடு சி.எஃப்.1 நிரலுக்கானது. ஒரு குழு இதையும் இன்னொரு குழு அதையும் எடுத்தால் மாசு மிகுந்த நாட்களில் மட்டும் வேறுபாடு தலைகாட்டும். அந்த நாட்களைத்தானே நாம் ஆராய வந்தோம்.

செய்ய வேண்டிய வரிசை: எல்லாச் சென்சார்களையும் அனுப்புமுன் ஒரே கூரையில் இரண்டு வாரம் பக்கம்பக்கமாக ஓட்டி, கூட்டத்தோடு ஒட்டாததை ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நகரிலும் அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட கருவிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பருவத்திலும் 30 நாள். இரண்டு சென்சார்களை ஆய்வு முடியும்வரை அங்கேயே நிறுத்திவையுங்கள், விசிறியில் தூசி அடைந்து அளவு நழுவுவதை அவை காட்டிக்கொடுக்கும். திருத்தச் சமன்பாடு நகரத்துக்கு ஒன்று. பொதுவாக இருக்க வேண்டியது அதைப் பொருத்தும் நடைமுறை.

பிப்ரவரி 9

நேரம். எல்லாவற்றையும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் பதியுங்கள், உள்ளூர் நேரத்தைத் தனி நிரலில் வையுங்கள். யு.டி.சி.யில் மணிவாரிச் சராசரி எடுத்துவிட்டு உள்ளூருக்கு மாற்றாதீர்கள். இந்தியாவுக்கு 5:30, நேபாளத்துக்கு 5:45 வித்தியாசம் என்பதால் ஒவ்வொரு சராசரியும் இரண்டு உள்ளூர் மணிகளுக்கிடையே பிரிந்து விழும். 08:00 என்பது 7 முதல் 8 வரையா, 8 முதல் 9 வரையா என்பதையும் எழுதி வையுங்கள். அரசு நிலையங்கள் இரண்டு வழக்கத்தையும் கையாளுகின்றன. ஒரு மணி நேரம் தள்ளி ஒப்பிட்டால் நல்ல சென்சாரும் கெட்ட சென்சாராகத் தெரியும்.

தசம இடத்தில் காற்புள்ளி போடும் நாடு ஒன்று உங்கள் குழுவில் இருந்தால் 12,5 என்பது 125 ஆகும் வாய்ப்பு உண்டு. தேதியை 2024-03-04 வடிவில் மட்டும் எழுதுங்கள். மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்ற சந்தேகமே எழாது.

பிப்ரவரி 13

வெப்பத்துக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் போதுமா என்ற கேள்விக்கு: போதாது. லேண்ட்சாட் 8 ஓரிடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணி வாக்கில் வரும். 9ஐயும் சேர்த்தால் 8 நாள். வெப்பப் படம் 30 மீட்டர் என்று கோப்பில் இருந்தாலும் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர், 30 என்பது பிறகு கணக்கில் சிறு கட்டங்களாக மாற்றியதால் வந்தது. அது காட்டுவது கூரையும் சாலையும் மரத்தலையும் எவ்வளவு சூடு என்பதை, மனிதர் மூச்சுவிடும் காற்றின் வெப்பநிலையை அல்ல. நகர வெப்பத் தீவு, அதாவது சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது, காற்றின் வெப்பநிலையில் வலுவாகத் தெரிவது சூரியன் மறைந்த பிறகு. பாலை நகரத்தில் காலைப் படத்தைப் பார்த்தால் நகரம் சுற்றுப்புற வெறும் மண்ணைவிடக் குளிர்ச்சியாகவே தெரியும். அதை அப்படியே எழுதினால் அந்த நகரத்தில் வெப்பச் சிக்கலே இல்லை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இரவில் காற்றாடாத ஒற்றை அறை வீட்டில் கிடக்கும் மனிதருக்கு அது பெரிய அநியாயம்.

இரவுக்கு டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் படங்கள் உண்டு, ஆனால் 1 கிலோமீட்டர் கட்டம். டெர்ரா செயற்கைக்கோளின் தொடரை நீளமாக எடுப்பவர்கள், 2020க்குப் பிறகு அது கடந்துபோகும் நேரம் மெல்ல முன்னால் நகர்ந்து வருவதைக் கணக்கில் வையுங்கள்.

தரையில் அளப்பதே முதன்மை. இடத்தேர்வுக்கு ஸ்டூவர்ட், ஓக் இருவரும் 2012இல் தந்த 'லோக்கல் கிளைமேட் சோன்' வகைப்பாடு நன்றாக உதவும். கட்டட வகை 10, நிலப்போர்வை வகை 7, மொத்தம் 17. ஒரு வகை என்று சொல்ல அந்த இடம் 400 முதல் 1,000 மீட்டர் விட்டமாவது அதே தன்மையோடு இருக்க வேண்டும். மூன்று நகரத்துக்கும் பொதுவான நான்கைந்து வகைகளை எடுத்து, வகைக்கு மூன்று இடமாவது வையுங்கள். 'நகரம் எதிர் கிராமம்' என்ற ஒப்பீட்டைவிட 'நெருக்கமான தாழ்கட்டடம் எதிர் தாழ்செடி நிலம்' என்ற ஒப்பீடு மூன்று நாட்டிலும் ஒரே பொருள் தரும். சென்சார் 2 மீட்டர் உயரத்தில், கதிர்த் தடுப்புக் கூட்டுக்குள், சுவரிலிருந்து விலகி இருக்க வேண்டும். கூடு மலிவானது என்றால் காற்றில்லாத நண்பகலில் ஓரிரு டிகிரி தாராளமாகக் கூடிவிடும்.

பிப்ரவரி 19

கேள்வித்தாள் பற்றி எழுதச் சொன்னீர்கள். நீளமாகத்தான் வரும்.

ஆங்கில மூலத்தை மொழிபெயர்த்து, இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், இரண்டும் ஒத்துப்போனால் சரி என்பது பழைய வழக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்கூட அந்தச் சோதனையில் ஜோராகத் தேறிவிடும். அதனால் ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு போன்றவை 'ட்ராப்டு' முறைக்குப் போயின. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுவது, ஒருவர் முடிவெடுப்பது, களத்தில் முன்சோதனை, ஒவ்வொரு முடிவையும் எழுதி வைப்பது. கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாட்டின் எண் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்போது, சொல்லால் வந்ததா வாழ்க்கையால் வந்ததா என்று பார்க்க அந்தக் குறிப்பு ஒன்றே வழி.

'நெய்பர்ஹுட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அக்கம்பக்கமா, தெருவா, வட்டாரமா? மூன்றும் மூன்று பரப்பு. சொல்லைத் தேடி அலைவதைவிடக் கேள்வியை மாற்றுங்கள்: 'உங்கள் வீட்டிலிருந்து 10 நிமிடம் நடந்து போகும் தூரத்துக்குள்' என்று ஆங்கில மூலத்திலேயே திருத்துங்கள். பங்காளி மொழியிலிருந்து மூலத்துக்குத் திருத்தம் போகும் வழி இல்லாத திட்டத்தில் மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

'எவ்வளவு திருப்தி, 1 முதல் 5 வரை' வகைக் கேள்விகளின் சராசரியை நாடுகளுக்கிடையே ஒப்பிடுமுன் அளவீட்டு மாறாமையை, அதாவது எல்லா நாட்டவரும் கேள்விகளை ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறார்களா என்பதை, சோதியுங்கள். கேள்விகளின் அமைப்பு ஒன்றா, காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் அளக்க வந்த விஷயத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பது) ஒன்றா, வெட்டுப்புள்ளிகள் (பதில்கள் தொடங்கும் அடிமட்டம்) ஒன்றா என மூன்று படி. இரண்டாம் படி தேறினால் உறவுகளை ஒப்பிடலாம். சராசரியை ஒப்பிட மூன்றாம் படி தேற வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகையில் சி.எஃப்.ஐ. (தரவோடு பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் விழுந்தால் தேறவில்லை என்று கொள்வது வழக்கம். மூன்றாம் படி தேறாமல் போவதே பெரும்பாலும் நடக்கிறது, அதற்குத் தயாராக இருங்கள்.

மாதிரி அளவு. நகரத்துக்கு 400 பேர், 20 இடங்களில் 20 பேர் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் வாழ்பவர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். அந்த ஒற்றுமைக் கெழு 0.1 என்றால் வடிவ விளைவு (மாதிரி எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 1 + 19 × 0.1 = 2.9. 400ஐ 2.9ஆல் வகுத்தால் 138. அதாவது தனித்தனியாக எடுத்த 138 பேருக்குச் சமம். 40 இடங்களில் 10 பேர் என்றால் 211, 80 இடங்களில் 5 பேர் என்றால் 286. பயணச் செலவு கூடும், ஆனாலும் இடங்களைக் கூட்டுவதுதான் லாபம்.

ஒரு சின்ன விஷயம்: 'தெரியாது' என்பதற்கு 99 என்று குறியீடு கொடுக்காதீர்கள், வயது நிரலில் அது ஒரு பாட்டியாகிவிடும். கோபோ என்ற கணக்கெடுப்பு மென்பொருளில் ஒரு நாடு தன் வசதிக்கு விடைப்பட்டியலில் ஒரு வரியை நடுவில் நுழைத்து எண்களை மாற்றிவிட்டால் சேர்த்த கோப்பில் எதுவும் தெரியாது. எண்ணுக்குப் பதில் சொல்லையே குறியீடாக வையுங்கள்.

பிப்ரவரி 20

நேற்றைய கணக்கில் 0.1 என்று எடுத்தது கருத்துக் கேள்விகளுக்குச் சரிவரலாம். குடிநீர் எத்தனை மணி நேரம் வருகிறது, தெருவிளக்கு இருக்கிறதா போன்றவற்றுக்கு அது மிகக் குறைவு. ஒரே தெருவில் எல்லார் வீட்டிலும் குழாய் ஒன்றாகத்தான் நிற்கும். 0.4 என்று வைத்தால் 20 × 20 அமைப்பில் வடிவ விளைவு 8.6, நானூறு பேரும் 47 பேருக்குச் சமம். உங்கள் கேள்வித்தாளில் இத்தகைய சேவைக் கேள்விகள்தான் பாதி என்பதால் 80 இடங்கள் என்பதை இப்போது வலியுறுத்தியே சொல்கிறேன்.

மார்ச் 2

ஒப்பந்தம், அனுமதி, சுங்கம். வரிசையாகச் சொல்கிறேன்.

நெறிமுறைக் குழு அனுமதி ஒரு நாட்டில் வாங்கினால் போதாது, தரவு எடுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும். ஐரோப்பியப் பங்காளி இருந்தால் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். எனும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பெயரை நீக்கிவிட்டோம் என்று நடமாட்டத் தரவைப் பகிர்வது பெயர்நீக்கம் ஆகாது. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடங்களை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வில், நான்கு இட-நேரப் புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதத்தினரைத் தனித்துப் பிரிக்க முடிந்தது. மூலத் தடங்கள் அந்தந்த நாட்டிலேயே இருக்கட்டும். கணக்கிடும் மென்பொருள் பயணம் செய்யட்டும், கட்டவாரித் தொகுப்பு மட்டும் எல்லை தாண்டட்டும்.

சென்சாரோடு தனி லித்தியம்-அயனி பேட்டரி அனுப்பினால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் யு.என். 3480 வகை. 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானச் சரக்கில் ஏற்ற மாட்டார்கள், சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. பேட்டரியை அந்தந்த நாட்டில் வாங்குவதே மேல். கருவி திரும்பி வரும் என்றால் ஏ.டி.ஏ. கார்னே (சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் ஆவணம்) உதவும், ஓராண்டு செல்லும். எல்லா நாடும் அதை ஏற்பதில்லை.

ஆசிரியர் வரிசையை முதல் மாதமே எழுத்தில் வையுங்கள். ஆய்வுக் கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று வகைப்படுத்தும் 'கிரெடிட்' பட்டியலின் 14 பங்களிப்புகளை எடுத்து, யார் எதைச் செய்வார் என்று பெயர் போடுங்கள். தரவு எடுப்பது ஒரு நாடு, ஆய்வதும் எழுதுவதும் இன்னொரு நாடு என்று பட்டியல் பிரிந்து நின்றால் திட்டத்தையே திருத்துங்கள். 2022இல் கேப்டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து பிறந்த கேப்டவுன் அறிக்கை ஆய்வுக் கூட்டுறவில் நியாயம், சமத்துவம் பற்றிப் பேசுவதும் இதைத்தான். இது மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை, முறையியல் பிரச்சினையும்கூட. புழுதியில் சென்சார் ஏன் குறைத்துக் காட்டுகிறது, குழாயில் நீர் வராத நாளில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்தவர் பகுப்பாய்வு மேசையில் இல்லாவிட்டால் எண்கள் தவறாகவே வாசிக்கப்படும்.

மார்ச் 3

பிப்ரவரி 8இல் அரசு நிலையக் கருவியை ஏதோ வேதவாக்கு போல எழுதிவிட்டேன். அதைத் தளர்த்த வேண்டும். அந்தக் கருவிகளின் அடித்தளமான வடிதாள் எடைமுறையே, அதாவது காற்றை வடிதாள் வழியே இழுத்துப் படிந்த துகளை எடைபோடுவதே, நாட்டுக்கு நாடு வேறு. எடைபோடுமுன் வடிதாளை அமெரிக்க முறையில் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் பதப்படுத்துவார்கள். ஐரோப்பியத் தர முறையில் 45 முதல் 50. ஈரம் உறிஞ்சும் துகள் மிகுந்தால் அதே தாள் இரண்டு எடை காட்டும். நிலையத்தின் உள்ளிழு குழாயில் சூடேற்றி இருக்கிறதா, எந்த அளவில் என்பதும் முக்கியம். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு: கருவி வகை, சூடேற்றி அமைப்பு, வடிதாள் ஈரப்பதம், கடைசி அளவுத்திருத்த நாள். முடிந்தால் ஒரே வடிதாள் கருவியை மூன்று நகரத்துக்கும் இரண்டிரண்டு வாரம் கொண்டுபோய், எல்லாத் தாள்களையும் ஒரே ஆய்வகத்தில் எடைபோடுங்கள்.

மார்ச் 12

நில நுகர்வு விகிதமான 11.3.1ஐயும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலம் விரியும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தால் வகுப்பது அது. நிலம் ஆண்டுக்கு 1 சதவீதம், மக்கள் 0.1 என்றால் விகிதம் 10. மக்கள் 0.05 என்றால் 20. மக்கள் 0.05 குறைந்தால் கழித்தல் 20. உங்கள் வடக்கு நகரத்தில் மக்கள்தொகை ஏறக்குறைய நின்றுவிட்டதால் அங்கே இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு வேகங்களையும் தனித்தனியே வெளியிடுங்கள், வகுக்க வேண்டாம்.

களத்துக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஒரு நகரின் ஒரு மாத மூலத் தரவை, காற்றும் வெப்பமும் மட்டும், மூன்று குழுவுக்கும் கொடுங்கள். ஒருவரோடொருவர் பேசாமல் ஒவ்வொரு குழுவும் தினசரிச் சராசரியும் மாதச் சராசரியும் எடுக்கட்டும். மணிநேரத்தில் எத்தனை பதிவு குறைந்தால் அந்த மணியை விடுவது, உச்ச அளவுகளை வெட்டுவதா, இரவு எப்போது தொடங்குகிறது என்று யாரும் எழுதாத முடிவுகள் அப்போது வெளியே வரும். மூன்று குழுக்களின் மாத சராசரிக்கும் இடையில் 4 மைக்ரோகிராம் இடைவெளி இருந்தால், நகரங்களுக்கிடையே 4க்குக் குறைவாக வரும் எந்த வித்தியாசத்தையும் கட்டுரையில் எழுதக்கூடாது. அந்த மூன்று கோப்புகளும் வந்ததும் இடைவெளி எவ்வளவு என்று இங்கே போடுங்கள். எந்தப் படியில் பிரிந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.